பயிற்சியும் மூளையும்

பந்தெறிதல், நீந்துதல், மிதிவண்டி ஓட்டுதல், வீணை மீட்டுதல் முதலிய செயல்கள் யாவும் பயிற்சியால் கைவருவன. இதனை அறியாதார் இலர். ஆயினும், எவ்வகைப் பயிற்சி சிறந்தது என்னும் வினாவுக்கு விடை கூறுதல் எளிதன்று. ஒரே செயலை ஒரே முறையில் பன்முறை திரும்பத் திரும்பச் செய்வதே திறமை பெறும் வழி எனப் பலர் எண்ணுவர். இவ்வெண்ணம் முற்றிலும் பொருந்துமா என்பதை அறிஞர் சிலர் ஆராய்ந்தனர். அவர்கள் கண்ட முடிவு வியப்பைத் தருவதாகும்.

1978-ஆம் ஆண்டில் கெர், பூத் என்னும் ஆய்வாளர் இருவர் தம் ஆய்வொன்றை வெளியிட்டனர். விதை நிரப்பிய சிறு துணிப்பையை இலக்கு நோக்கி எறிதலே சிறுவர்கட்கு அவர்கள் அளித்த பணியாகும். 8 வயதுச் சிறுவர்களுள் ஒரு பிரிவினர் 3 அடித் தொலைவிலிருந்தே எப்பொழுதும் எறிந்து பழகினர். மற்றொரு பிரிவினரோ 2 அடித் தொலைவிலிருந்தும் 4 அடித் தொலைவிலிருந்தும் மாறி மாறி எறிந்து பழகினர். இறுதியில் இரு பிரிவினரும் 3 அடித் தொலைவிலிருந்து எறியுமாறு பணிக்கப்பட்டனர். முதற் பிரிவினரே வெல்வர் என்று நாம் கருதுவோம். அத்தொலைவில் எறிந்து பழகியவர்கள் அவர்களே அல்லரோ? ஆயின், அத்தொலைவிலிருந்து ஒருமுறையும் எறிந்து பழகாத இரண்டாம் பிரிவினரே இலக்கிற்கு மிக அருகில் எறிந்தனர்.

இதற்குக் காரணம் யாது? நாம் எறியும் ஒவ்வோர் எறியையும் மூளை தனித்தனியே பதிந்து வைத்துக்கொள்வதில்லை. தொலைவு மிகுந்தால் விசையை எவ்வளவு கூட்டவேண்டும், குறைந்தால் எவ்வளவு குறைக்கவேண்டும் என்னும் பொதுவிதியையே அமைத்துக்கொள்கிறது. 1975-ஆம் ஆண்டில் ரிச்சர்டு சுமித்து என்னும் அமெரிக்க உளவியலறிஞர் இக்கருத்தை விளக்கியுரைத்தார். ஒரே தொலைவை மட்டும் அறிந்த மூளைக்கு அவ்விதியை வகுத்துக்கொள்ளப் போதிய சான்று கிட்டுவதில்லை. பல தொலைவுகளை அறிந்த மூளையோ, புதிய தொலைவிற்கு ஏற்ற விசையையும் கணித்துக்கொள்கிறது.

1979-ஆம் ஆண்டில் சே, மார்கன் என்பார் மற்றோர் உண்மையை வெளிப்படுத்தினர். கையில் ஒரு பந்தைப் பற்றிக்கொண்டு, சிறு மரத் தடைகளைக் குறித்த வரிசையில் விரைவாகத் தட்டி வீழ்த்துதல் வேண்டும். வரிசைகள் மூன்று, ஒவ்வொன்றுக்கும் 18 முறை பயிற்சி அளிக்கப்பட்டது. ஒரு சாரார் ஒரு வரிசையை முற்றும் முடித்த பின்னரே அடுத்ததைத் தொடங்கினர். மற்றொரு சாரார் மூன்றையும் கலந்து பயின்றனர். பயிற்சியின்போது முதற் சாராரே விரைந்து முன்னேறினர். கலந்து பயின்றோர் தயங்கித் தடுமாறினர். ஆனால், 10 நாள் கழித்துச் சோதித்தபொழுது நிலைமை தலைகீழாயிற்று. தடுமாறிப் பயின்றோரே கற்றதை மறவாது விரைந்து செய்தனர்.

ஒரே செயலைத் தொடர்ந்து செய்யுங்கால், முன்னர் வகுத்த திட்டத்தையே மூளை மீண்டும் பயன்படுத்துகிறது. புதிதாகச் சிந்திக்க வேண்டுவதில்லை. செயல் மாறுந்தோறும் மூளை பழைய திட்டத்தை விடுத்து, வேண்டியதை நினைவிலிருந்து மீட்டு, வேற்றுமைகளை ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். இவ்வுழைப்பே கல்வியை ஆழப் பதியச் செய்கிறது என ஆய்வாளர் கருதுவர்.

இவ்விருவகைப் பயிற்சிகளும் மூளையின் வெவ்வேறு பகுதிகளைச் சார்ந்தவை என்பதற்கும் சான்று உண்டு. தசைகளுக்குக் கட்டளை விடுக்கும் இயக்கப் பகுதி பெருமூளையின் மேற்புறத்தில் உள்ளது. திட்டமிடுதற்கும் முடிவு செய்தற்கும் துணைபுரியும் பகுதி நெற்றிக்குப் பின்னே அமைந்துள்ளது. தென் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்து ஆய்வாளர்கள், பயிற்சி முடிந்தவுடன் காந்தத் துடிப்புகளால் இப்பகுதிகளின் செயலைச் சிறிது நேரம் தடைசெய்து பார்த்து, தம் முடிவுகளை 2010-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒரே வகையாகப் பயின்றோர்க்கு இயக்கப் பகுதியைத் தடைசெய்தபொழுது மறுநாள் திறமை குன்றியது. பலவகையாகப் பயின்றோர்க்கோ முன்பகுதியைத் தடைசெய்தபொழுதே திறமை குன்றியது. ஆகவே, கை ஓய்ந்த பின்னும் மூளை ஓய்வதில்லை என்பதும், பயிற்சியின் முறைக்கேற்ப நினைவு நிலைபெறும் இடமும் வேறுபடுகிறது என்பதும் புலனாகின்றன.

இதனால், திரும்பச் செய்தல் வீண் என்று கொள்ளலாகாது. செயலை முதன்முதற் கற்போர்க்கு, அதன் அடிப்படை விளங்கும்வரை ஒரே முறையில் பழகுதல் துணைபுரியும். எல்லாச் செயல்களுக்கும் எல்லா வயதினர்க்கும் பல்வகைப் பயிற்சி ஒரே அளவில் பயன் தருவதுமில்லை. அடிப்படை அமைந்த பின்னர், தொலைவையும் விரைவையும் வரிசையையும் மாற்றி மாற்றிப் பழகுதல் நன்று.

இவ்வாய்வுகள் உணர்த்தும் பாடம் மற்றொன்றும் உண்டு. பயிற்சியின்போது காணும் விரைவு கற்றலின் உண்மையான அளவுகோல் அன்று. இன்று எளிதாகச் செய்பவன் நாளை மறந்துவிடலாம்; இன்று தடுமாறுபவன் உள்ளத்தில் கல்வி வேரூன்றிக் கொண்டிருக்கலாம். எனவே, களத்தில் பிழை செய்யும் தோழனைத் திறமையற்றவன் என இகழ்தல் தகாது. தன் பிழை கண்டு தானே மனம் சோர்ந்து பயிற்சியைக் கைவிடுதலும் கூடாது. இடர்ப்பட்டுக் கற்ற கல்வியே இடத்திற்கேற்ப உதவும் கல்வியாகும்.