மூடாத குழாய்

இடுக்கி மலையில் ஆனைக்கரைப் பக்கம் ஏலத் தோட்டங்கள் உண்டு. அங்கே தமிழ் பேசும் தொழிலாளர்களும் வேலை செய்கிறார்கள். அப்படி ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள்.

அந்த வீட்டில் எட்டாம் மாதமே பிரசவம் ஆகிவிட்டது. குழந்தையின் எடை ஒன்றரைக் கிலோ. சில வாரம் மருத்துவமனையில் வைத்திருந்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது குழந்தை பால் குடிக்கத் தொடங்கியதும் களைத்துப்போகிறது. நெற்றி வியர்க்கிறது. மூச்சு வேகமாக வாங்குகிறது.

“தோஷம் தட்டியிருக்கும். மந்திரித்துக் கயிறு கட்டு” என்கிறார் பாட்டி.

ஆஷா பணியாளர் வருகிறார். எடை பார்க்கிறார். எடை ஏறவில்லை.

“குறைமாசத்துல பிறந்ததாலதானே அக்கா இப்படி?” என்று தாய் கேட்கிறாள்.

“அதனாலதான் நெஞ்சையும் பார்க்கணும்மா. இன்னைக்கே கிளம்பு” என்கிறார் ஆஷா.

ஏன் இந்த அவசரம்?

பிறக்கும் முன்னும் பின்னும்

வயிற்றில் இருக்கும் குழந்தை மூச்சு விடுவதில்லை. தாயின் இரத்தத்திலிருந்தே அதற்குப் பிராணவாயு கிடைக்கிறது. நுரையீரலுக்கு அப்போது வேலை இல்லை. ஆகவே அங்கே போக வேண்டிய இரத்தம் வேறு வழியில் திரும்புகிறது. இருதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய இரத்தக் குழாய்களை ஒரு சிறு குழாய் இணைக்கிறது. அதுதான் அந்த வழி.

குழந்தை பிறந்து அழுததும் நுரையீரல் வேலை தொடங்குகிறது. இனி அந்தச் சிறு குழாய் தேவையில்லை. மாதம் நிறைந்து பிறந்த குழந்தைக்கு அது இரண்டு மூன்று நாளில் மூடிக்கொள்ளும். 37 வாரம் முடியும் முன் பிறப்பது குறைமாதக் குழந்தை. மிகவும் முன்னதாகப் பிறந்தால், குழாய் மூடாமல் இருக்க வாய்ப்பு அதிகம். மருத்துவர்கள் இதைப் ‘பி.டி.ஏ.’ என்பார்கள்.

இரண்டு வாய்க்கால்களுக்கு நடுவே கரை உடைந்தால் என்ன ஆகும்? ஒரு வயலில் தண்ணீர் தேங்கும். மற்ற வயல் காயும். இங்கும் அப்படித்தான். நுரையீரலில் இரத்தம் மிகுகிறது. உடம்புக்குக் குறைகிறது. இருதயம் அதிகமாக உழைத்துக் களைக்கிறது.

என்ன சிகிச்சை?

மருத்துவர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்பார். பிறகு ‘எக்கோ’ படம் எடுப்பார். அதில் குழாய் தெரியும். வலி இருக்காது.

பல குழந்தைகளுக்குக் குழாய் தானாகவே மூடும். சிலருக்கு மருந்தால் மூடும். பிறந்த முதல் சில வாரங்களில்தான் மருந்து நன்றாக வேலை செய்யும். அதை மருத்துவமனையில்தான் கொடுக்க வேண்டும். வீட்டில் கொடுக்கவே கூடாது.

மருந்துக்கும் மூடாமல் குழந்தை திணறினால் அறுவைச் சிகிச்சை செய்வார்கள். இடது பக்கம் விலா எலும்புகளுக்கு நடுவே சிறிதாகக் கீறுவார்கள். குழாயை நூலால் கட்டுவார்கள், அல்லது சிறு கிளிப் போட்டு அடைப்பார்கள். இருதயத்தைத் திறப்பதில்லை. அதை நிறுத்துவதும் இல்லை. ஆனாலும் சின்ன உடம்பு. ஆபத்து அறவே இல்லை என்று சொல்ல முடியாது. அதனால்தான் தேவையானவர்களுக்கு மட்டும் செய்கிறார்கள்.

இந்த அறுவையை முதலில் வெற்றியாகச் செய்தவர் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் கிராஸ். ஆண்டு 1938. ஊர் பாஸ்டன். குழந்தை ஏழு வயதுச் சிறுமி. அவள் பிழைத்து, முதுமை வரை வாழ்ந்தாள்.

இன்று கீறாமலும் சிலருக்கு மூட முடிகிறது. தொடை இரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, சிறு அடைப்பானை வைக்கிறார்கள். 700 கிராம் எடையுள்ள குழந்தைக்கும் பொருந்தும் அடைப்பானுக்கு 2019-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

பணத்துக்கு என்ன வழி?

கேரள அரசு 2017-இல் ‘ஹிருத்யம்’ திட்டத்தைத் தொடங்கியது. பிறவியிலேயே இருதயக் குறை உள்ள பிள்ளைகளுக்கு இதில் இலவசச் சிகிச்சை உண்டு. அதற்குப் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். ஆஷா பணியாளரிடமோ அரசு மருத்துவமனையிலோ கேளுங்கள். தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை உள்ளவர்கள் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பற்றியும் விசாரிக்கலாம்.

கடன் வாங்குமுன் கேளுங்கள். பணமில்லை என்று குழந்தையை வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

நினைவில் வையுங்கள்

குறைமாதக் குழந்தைக்கு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்:

பால் குடிக்கும்போது களைப்பு, வியர்வை.
வேகமான மூச்சு.
மூச்சு இழுக்கும்போது விலா உள்ளே குழிதல்.
எடை ஏறாமை.
உதடு நீலமாதல்.

பாட்டி கயிறு கட்டட்டும். ஆனால் அதற்காக ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம்.

பேசிப் பாருங்கள்

1. வயிற்றில் இருக்கும்போது தேவைப்பட்ட குழாய், பிறந்த பின் ஏன் தொல்லை தருகிறது?
2. ஆஷா பணியாளர் ஏன் எடை பார்த்தார்?
3. உங்கள் ஊரில் குறைமாதக் குழந்தை உள்ள வீடு எது? அங்கே யார் போய்ச் சொல்வீர்கள்?