கோப்பி போனது, தோட்டம் போகவில்லை

ஏதாவது புதுசு வந்தால் போதும், லயத்துக்கு லயம் பேச்சு கிளம்பிவிடும். "கொழுந்து வெட்டுற மெசின் வருதாம், இனி நமக்கு வேலையே இல்ல" என்பார்கள். இந்த மாதிரிப் பயம் மலைநாட்டுக்குப் புதிதல்ல. இதைவிடப் பெரிய பயம் ஒன்று இங்கேயே வந்து போயிருக்கிறது.

அந்தக் காலத்தில் இந்த மலைகளில் கோப்பிதான். 1869ஆம் ஆண்டு மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்தது. அது ஒரு பூஞ்சண நோய். இலை உதிர்ந்தது, காய்ப்புக் குறைந்தது. சரியான மருந்து கிடைக்கவில்லை. 1878 அளவில் சுமார் 2,75,000 ஏக்கரில் இருந்த கோப்பி, பத்துப் பதினைந்து வருடத்தில் அநேகமாக அழிந்தே போனது. துரைமார் கடனில் மூழ்கினார்கள். 1884இல் ஓரியண்டல் வங்கியும் முறிந்தது. இனி தோட்டத் தொழிலே இல்லை என்று பயந்தார்கள்.

கோப்பி போகும் என்றது சரிதான். பிழைத்தது அடுத்த கணக்கு. போவது கண்ணுக்குத் தெரியும், வருவது அப்படித் தெரியாது. 1867இலேயே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். பங்களா வராந்தாவில் கையாலே இலையை உருட்டினார்கள். 1873இல் லண்டனுக்குப் போனது வெறும் 23 இறாத்தல். அதை யார் கணக்கில் எடுப்பார்கள்? 1900 ஆகும்போது தேயிலை 3,50,000 ஏக்கரைத் தாண்டிவிட்டது.

நமக்கு முக்கியமானது வேறு. கோப்பிக்குப் பழம் பறிக்கும் சில மாதங்களில்தான் நிறைய ஆள் வேண்டும். முடிந்ததும் பலர் இந்தியாவுக்குத் திரும்பிவிடுவார்கள். தேயிலையில் வருடம் முழுக்கக் கொழுந்து வரும். அதனால் ஆள் தேவை குறையவில்லை, கூடியது. குடும்பம் குடும்பமாக லயத்தில் தங்கினார்கள். (லயத்து வாழ்க்கை சுகமாக இருந்தது என்று நாம் சொல்ல வரவில்லை.)

இடைப்பட்ட வருடங்களும் சும்மா போகவில்லை. சம்பளப் பாக்கியோடு ஊர் திரும்பியவர்கள் உண்டு. கோப்பிக்குப் பதிலாகச் சிங்கோனா நட்டு, அதன் விலையும் விழுந்து நொந்த தோட்டங்களும் உண்டு.

ஆகவே மெசின் பேச்சு வந்தால் "எல்லாம் போச்சு" என்று உட்கார வேண்டாம், "ஒண்ணும் ஆகாது" என்று தூங்கவும் வேண்டாம். எந்த மலைக்கு வருகிறது, ஒரு பேருக்கு எத்தனை கிலோ கேட்பார்கள், பெண்களுக்கும் அதை ஓட்டப் பழக்குவார்களா என்று வெளிக்கள உத்தியோகத்தரிடமும் சங்கத் தலைவரிடமும் இப்போதே கேட்டுவைப்போம்.