புதுப்பித்த கார்புரேட்டரும் எத்தனால் கலந்த பெட்ரோலும்

செம்பூர், மாதுங்கா, தாராவி ஆகிய பகுதிகளுக்கு அண்மையிலுள்ள குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் உருவாக்கிய பத்மினி வண்டிகள் 2023 அக்டோபருடன் மும்பையின் டாக்சிப் பணியினின்று நீங்கின. எனினும் ஆர்வலர் பலர் அவற்றைப் பேணி வருகின்றனர். 1,089 க.செ.மீ. கொள்ளளவுள்ள அந்த ஃபியட் எஞ்சின், திறன் கூட்டப்பெற்றுச் சோழவரம் பந்தயங்களிலும் ஓடியதாகும். இத்தகைய எஞ்சினின் கார்புரேட்டரைப் புதுப்பித்தபின் பழைய அளவுகளையே பொருத்தினால் அஃது இன்று செவ்வனே இயங்காது. காரணம் பெட்ரோலில் உள்ளது.

1 கிலோ பெட்ரோல் முற்றும் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலில் ஆக்சிஜன் முன்னரே அடங்கியிருத்தலின் அதற்கு 9 கிலோ போதும். இந்தியாவில் 2025-இல் எட்டப்பெற்ற 20 சதவீதக் கலப்பில் இவ்வளவு 13.5 ஆகிறது. கார்புரேட்டரோ இதனை அறியாது. பழைய அளவே எரிபொருளை ஊற்றும். எனவே கலவையில் எரிபொருள் சுமார் 7 சதவீதம் குன்றும். சாதாரண ஓட்டத்தில் வண்டி சற்றுத் தயங்குவதோடு நின்றுவிடலாம். முழுவிசையில் ஓடும் திறன்கூட்டிய எஞ்சினிலோ வெப்பம் மிகும்; வால்வு கருகும்; பிஸ்டனும் சேதமுறும்.

இக்குறையை ஈடுசெய்வது முதன்மை ஜெட். சோலெக்ஸ் ஜெட்டின் எண் துவாரத்தின் விட்டத்தை மில்லிமீட்டரின் நூற்றிலொரு பங்கில் குறிப்பதாகும். 120 எனில் 1.20 மி.மீ. பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே 120-க்குப் பதில் 125 இட்டால் பரப்பு 8.5 சதவீதம் கூடும். ஆசிரியர் இதனை வகுப்பில் கணக்காகவே தரலாம். மாறுதல் மில்லிமீட்டரின் இருபதிலொரு பங்கே. ஜெட்டைக் கம்பியிட்டுக் குத்தித் துப்புரவு செய்யும் வழக்கம் எவ்வளவு தீங்கானது என்பதும் இதனால் விளங்கும்.

ஜெட்டைத் தொடுமுன் வால்வு இடைவெளியையும் தீப்பொறி நேரத்தையும் சரிசெய்தல் வேண்டும். தேய்ந்த திராட்டில் தண்டு, வளைந்த அடித்தட்டு ஆகியவற்றின் வழியே புகும் காற்றை எந்தத் திருகும் ஈடுசெய்யாது. பழைய ரப்பர்ப் பகுதிகளை எத்தனால் கெடுக்கும். அதனைத் தாங்குபவற்றையே இடுக. மிதவை மட்டத்தையும் அளந்து பார்க்க. எஞ்சின் நன்கு சூடேறியபின் மெல்லோட்டத் திருகைத் திருப்பி, எஞ்சின் மிக விரைந்து சீராகச் சுழலுமிடத்தில் நிறுத்துக. அந்நிலையில் இவ்வகைப் பழைய வண்டிகளுக்குக் கார்பன் மோனாக்சைடின் வரம்பு 3 சதவீதம். இத்திருகின் ஆட்சி மெல்லோட்டத்தளவே. சாலையில் தோன்றும் குறைக்கு இதனைத் திருகுவது வீண்முயற்சி.

ஜெட்டின் பொருத்தத்தை முழுவிசை ஓட்டத்திற்குப்பின் ஸ்பார்க் பிளக் காட்டும். வெண்மை குன்றிய கலவையையும், கரும்புகை மிகுந்த கலவையையும், இளம்பழுப்பு ஏற்றதையும் குறிக்கும். ஈயமற்ற பெட்ரோலில் இந்நிறம் மங்கலாகவே தோன்றும். இச்சோதனையை லோணாவளாவில் செய்வது தகாது. சுமார் 620 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைதலால் அங்குக் கலவை 3 சதவீத அளவு எரிபொருள் மிகுந்திருக்கும். மலையில் சரியெனத் தோன்றிய ஜெட் கடற்கரை நகருக்குத் திரும்பியதும் குன்றியதாகிவிடும்.