மறுபடியும் நீட்: பணம் கட்டும் முன் செய்ய வேண்டிய எட்டு வேலைகள்

நீட் முடிவு வந்து ஒரு வாரம் ஆனால் போதும், ஆவடி, அண்ணனூர், திருமுல்லைவாயில் பக்கத்துப் பல வீடுகளில் ஒரே பேச்சுதான்: "இன்னும் ஒரு வருஷம் பாக்கலாமா, இல்ல கிடைச்ச காலேஜ்ல சேத்துடலாமா?" அப்பா மின்ரயில் பணிமனையிலோ டேங்க் ஃபேக்டரியிலோ வேலை பார்ப்பவராக இருப்பார். பி.எஃப். பணத்தில் கை வைத்தாவது அண்ணா நகர் கோச்சிங் சென்டரில் சேர்த்துவிடலாம் என்பார். பிள்ளை இன்னொரு வருஷம் தாங்குமா என்பது அம்மாவின் கவலை. "எழுதிக்கிட்டே இருந்தா என்னைக்காவது கிடைச்சிடும்" என்பார் ஊரிலிருந்து போன் செய்யும் பெரியப்பா.

பெரியப்பா சொல்வதில் பாதி சரி. நீட் எழுத, சேரும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் 17 வயது நிறைந்திருந்தால் போதும். மேல் வயது வரம்பு 2022இல் நீக்கப்பட்டுவிட்டது. இத்தனை முறைதான் என்ற கணக்கும் கிடையாது. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டுக் கவுன்சலிங்குக்குத் தருமபுரி மாவட்டத்திலிருந்து 61 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். இளைஞர் ஒருவருக்குப் போகட்டும் என்று கடைசியில் இடத்தை விட்டுக்கொடுத்தார்.

மீதிப் பாதிதான் சிக்கல். அதே புத்தகம், அதே பழக்கம், அதே தவறுகளோடு திரும்ப எழுதினால் மதிப்பெண் பெரிதாக நகராது. போன முறை எந்த இடத்தில் தடுக்கப்பட்டோம் என்று தெரிந்த பிறகு தொடங்குவதுதான் மறுமுயற்சி.

1. தடுத்தது எது என்று கண்டுபிடியுங்கள்

இடம் கிடைக்காதவர்கள் எல்லாரும் ஒரே ரகம் இல்லை. முதல் ரகம், தகுதி மதிப்பெண்ணையே எட்டாதவர்கள். இரண்டாவது, தகுதி பெற்றும் தரவரிசையில் பின்தங்கியவர்கள். மூன்றாவது, ஓரளவு நல்ல ரேங்க் இருந்தும் சான்றிதழ், கடைசித் தேதி, கல்லூரி விருப்பப் பட்டியல் ஆகியவற்றில் ஏதோ ஒன்றில் கோட்டை விட்டவர்கள்.

இரண்டாவது ரகம்தான் அதிகம் குழம்புகிறது. 'குவாலிஃபைட்' என்று வந்ததும் வாட்ஸ்அப்பில் வாழ்த்துகள் குவியும். ஆனால் அந்தத் தகுதி, பொதுப் பிரிவுக்கு 50 பெர்சன்டைல், ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40 பெர்சன்டைல் என்ற நுழைவுக்கோடு மட்டுமே. 2025இல் அது 720க்கு முறையே 144, 113. அரசுக் கல்லூரியின் கட்-ஆஃப் இதற்கு வெகு தொலைவில் இருக்கிறது.

மூன்றாவது ரகத்தினரும் நீட்டைத் திரும்ப எழுதியே ஆக வேண்டும். இந்தியக் கல்லூரிகளில் சேர ஒரு வருட மதிப்பெண் அடுத்த வருடத்துக்குச் செல்லாது. ஆனாலும் அவர்கள் முதலில் போக வேண்டிய இடம் கோச்சிங் சென்டர் அல்ல, தாலுகா அலுவலகம்.

2. மதிப்பெண்ணை அல்ல, ரேங்கைப் பாருங்கள்

"போன வருஷம் இத்தனை மார்க்குக்கு இடம் கிடைச்சுதாமே" என்ற கணக்கு ஒவ்வோர் ஆண்டும் பலரை ஏமாற்றுகிறது. 2024இல், கருணை மதிப்பெண் குழப்பமெல்லாம் தீர்ந்து வெளியான திருத்தப்பட்ட முடிவில் 17 பேர் 720க்கு 720 எடுத்திருந்தார்கள். அடுத்த ஆண்டு இயற்பியல் வாட்டி எடுத்ததில், நாட்டின் முதலிடமே 686தான். பொதுப் பிரிவின் தகுதி மதிப்பெண்ணும் 162லிருந்து 144க்கு இறங்கியது. ஆகவே 2024இன் மதிப்பெண்ணை வைத்து 2025இல் கணக்குப் போட்டவர்கள் தேவையில்லாமல் மனம் உடைந்தார்கள்.

பார்க்க வேண்டியது, தன் சாதிப் பிரிவில், தான் விரும்பும் கல்லூரியில், கடைசியாக இடம் பெற்றவரின் ரேங்க். அதோடு தன் ரேங்கை ஒப்பிட்டால் எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்பது தெரியும். இடைவெளி சிறியதா பெரியதா என்பதைப் பொறுத்துத்தான் ஒரு வருடத்தை முழுதாக ஒதுக்குவதா என்று முடிவு செய்ய வேண்டும்.

3. தவறான விடைகளைத் தணிக்கை செய்யுங்கள்

தேசியத் தேர்வு முகமை விடைத்தாளின் ஸ்கேன் பிரதியையும் விடைக்குறிப்பையும் இணையத்தில் வெளியிடுகிறது. அவை இருக்கும்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வினாத்தாள் ஏற்கெனவே கையில் இருக்கும். மூன்றையும் பரப்பி வைத்துக்கொண்டு, பிழையான ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் காரணத்தை எழுத வேண்டும்: பாடமே தெரியவில்லை, தெரிந்தும் கணக்கில் சறுக்கல், கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை, நேரம் போதவில்லை, குருட்டாம்போக்கில் போட்டது.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. சரியான விடைக்கு 4, தவறுக்கு மைனஸ் 1. ஒரு தவறைச் சரியாக்கினால் கூடுவது நான்கு அல்ல, ஐந்து. 180 கேள்விகளில் 120ஐ எழுதி, 90 சரி, 30 தவறு என்று வைத்துக்கொள்வோம். மதிப்பெண் 330. புதிதாக ஒரு கேள்வியைக்கூடத் தொடாமல், அந்த 30 தவறுகளில் 20ஐச் சரிசெய்தாலே 430 ஆகிவிடும். புதுப் பாடங்களைத் தேடி ஓடுவதற்கு முன், தெரியும் என்று நம்பித் தவறவிட்டவற்றை மீட்பதே விரைவான வழி.

4. பழைய நோட்டை அப்படியே நம்பாதீர்கள்

மறுமுறை எழுதுபவர்களின் பெரிய சொத்து பழைய நோட்டு. சில நேரம் அதுவே சுமை. 2024 தேர்வுக்காகப் பாடத்திட்டம் மாற்றப்பட்டபோது வேதியியலில் திடநிலை, மேற்பரப்பு வேதியியல், உலோகவியல் போன்ற பகுதிகள் நீங்கின. இயற்பியலில் செய்முறைத் திறன்கள் என்று ஒரு பகுதி சேர்ந்தது. அக்கா படித்த மெட்டீரியலை வைத்துத் தம்பி படிக்கும் வீடுகளில் இது நினைவில் இருக்க வேண்டும். தேர்வின் வடிவமும் மாறியது. 2021 முதல் 2024 வரை 200 கேள்விகளில் 180ஐ எழுதினால் போதும். 2022 முதல் 2024 வரை நேரம் 3 மணி 20 நிமிடம். 2025இல் 180 கேள்விகளும் கட்டாயம், நேரம் 3 மணி மட்டுமே. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் புதிய தகவல் கையேட்டைப் படித்துவிட்டே கால அட்டவணை போட வேண்டும்.

அடிப்படைப் புத்தகம் என்.சி.இ.ஆர்.டி.தான். பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டையும் இணையத்தில் இலவசமாக எடுக்கலாம். மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்கள் தங்கள் புத்தகத்தோடு அதை அத்தியாயம் அத்தியாயமாக ஒப்பிட்டு, விடுபட்டதை மட்டும் குறித்துக்கொண்டால் பாதி வேலை குறையும். பணம் கட்டிப் படிக்க முடியாதவர்களுக்கு, கான்பூர் ஐ.ஐ.டி.யும் மத்தியக் கல்வி அமைச்சகமும் நடத்தும் 'சாத்தீ' தளத்தில் இலவச வீடியோ வகுப்புகளும் தேர்வுகளும் உண்டு.

மாதிரித் தேர்வுகளை நீட் நடக்கும் பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை, ஓ.எம்.ஆர். தாளில் எழுதிப் பழக வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கியே பழகிய உடம்பு மே மாத வெயிலில் திடீரென்று விழித்துக்கொள்ளாது.

5. தமிழில் எழுதுவோர் இரண்டு பக்கமும் படியுங்கள்

தமிழைத் தேர்ந்தெடுத்தால் வினாத்தாள் தமிழிலும் ஆங்கிலத்திலும் வரும். இரண்டுக்கும் முரண்பாடு வந்தால் ஆங்கிலமே இறுதி. இது ஏட்டு விதி மட்டுமல்ல. 2018இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு நடந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் கருணையாக வழங்க உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆகவே தமிழில் படிப்பவர்கள் கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் சேர்த்தே மனத்தில் ஏற்ற வேண்டும். விண்ணப்பத்தில் மொழியை யோசித்துத் தேர்ந்தெடுங்கள்.

6. சான்றிதழ்களை இப்போதே எடுங்கள்

மாநிலக் கவுன்சலிங்கில் 69 சதவீத இடஒதுக்கீடு; அதற்குத் தமிழ்நாட்டு அரசின் சாதிச் சான்றிதழ் போதும். அகில இந்திய ஒதுக்கீட்டில் ஓ.பி.சி.க்கு 27 சதவீதம், அங்கே பி.சி., எம்.பி.சி. மாணவர் மத்திய அரசின் படிவத்தில், 'கிரீமி லேயர்' அல்லாதவர் என்ற சான்றிதழைத் தனியாகப் பெற வேண்டும். இரண்டும் ஒன்று என்று நினைத்து ஏமாறுபவர்கள் உண்டு. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று கோப்பு நகர நாளாகும். முடிவு வந்தபின் ஓடுவது வீண் பதற்றம்.

ஆவடிச் சுற்றுவட்டாரத்துக்கு இன்னொரு எச்சரிக்கை. விமானப்படை, சி.ஆர்.பி.எஃப்., ரயில்வே, பாதுகாப்புத் தொழிற்சாலைகள் என மாற்றலாகி வந்த குடும்பங்கள் இங்கே நிறைய. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டிலேயே படிக்காத பிள்ளைகள், இருப்பிடச் சான்றிதழும் பெற்றோரின் ஆவணங்களும் காட்ட வேண்டியிருக்கும்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்தவர்களுக்கு 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. மறுமுறை எழுதுபவர்களுக்கும் இது பொருந்தும். கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. இடையில் அரசு உதவி பெறும் பள்ளியில் படித்திருந்தால் சலுகை போய்விடும். ஒவ்வொரு பள்ளியின் தலைமையாசிரியரிடமும் படிப்புச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெரியகுளம் பக்கம் சில்வார்பட்டி அரசுப் பள்ளியில் படித்த மாணவர் ஒருவர் 2019இல் எடுத்தது 193. ஆசிரியர்களின் உதவியோடு ஒரு வருடம் பயிற்சி பெற்று 2020இல் எடுத்தது 664. அந்த ஆண்டுதான் உள்ஒதுக்கீடும் நடைமுறைக்கு வந்தது.

7. பக்கத்துக் கல்லூரி, வேறு வாசல்

மாநில அரசுக் கல்லூரிகளின் 85 சதவீத இடங்களையும், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டையும் மாநிலத் தேர்வுக் குழு நிரப்புகிறது. மீதி 15 சதவீதமான அகில இந்திய ஒதுக்கீடு, எய்ம்ஸ், ஜிப்மர், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றை மத்திய மருத்துவக் கவுன்சலிங் குழுவான எம்.சி.சி. நிரப்புகிறது. இரண்டுக்கும் தனித்தனியாகப் பதிய வேண்டும்.

அண்ணனூரிலிருந்து பார்த்தால் இது நன்றாகப் புரியும். மின்ரயிலில் மேற்கே போனால், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட 11 அரசுக் கல்லூரிகளில் ஒன்றான திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி. அதற்கு மாநிலக் கவுன்சலிங். பூந்தமல்லிப் பக்கம் பனிமலர் மருத்துவக் கல்லூரி தனியார். அதன் அரசு ஒதுக்கீட்டுக்கும் மாநிலக் கவுன்சலிங்தான். ஆனால் போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா, தண்டலம் சவீதா இரண்டும் நிகர்நிலை, அவற்றுக்கு எம்.சி.சி.யில் பதிந்தவர்தான் போட்டியிட முடியும். கட்டணமும் வானத்துக்கும் பூமிக்குமாக வேறுபடும். அரசுக் கல்லூரியில் ஆயிரங்களில் முடிவது, நிகர்நிலையில் ஆண்டுக்குப் பல லட்சம்.

விருப்பப் பட்டியலில் சென்னை மருத்துவக் கல்லூரி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் என்று மூன்றோடு நிறுத்திவிடக் கூடாது. எட்டாத கல்லூரியை மேலே போடுவதால் நஷ்டமில்லை. எட்டக்கூடியதைக் கீழே போடாமல் விடுவதுதான் நஷ்டம். ராமநாதபுரம், அரியலூர் வரை போகத் தயார் என்றால் அதையும் வரிசையாகப் போடுங்கள்.

கிடைத்த இடத்தில் சேர்ந்துவிட்டு அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்பவர்கள், இடத்தைக் கைவிடுவது பற்றிய விதிகளை முதலில் படிக்க வேண்டும். சுற்றுகள் நகர நகர வெளியேறும் வழி குறுகும். முன்பணம் பறிபோகும், கடைசிச் சுற்றில் கிடைத்ததை ஏற்காவிட்டால் அடுத்த தேர்வுக்கே தடை வரலாம். "இடம் வாங்கித் தர்றேன்" என்று வரும் தரகர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். 2019இல் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த ஒரு மாணவருக்காக வேறொருவர் நீட் எழுதினார் என்று புகார் எழ, மாணவரும் தந்தையும் கைதானார்கள். 'வெளிநாட்டு எம்.பி.பி.எஸ்.ஸுக்கு நீட் வேண்டாம்' என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். அங்கே படித்துவிட்டு இங்கே மருத்துவம் பார்க்க நீட் தகுதி கட்டாயம்.

8. எல்லையை முன்கூட்டியே எழுதுங்கள்

எத்தனை முறை என்பதை வீட்டில் உட்கார்ந்து, படிப்பைத் தொடங்கும் முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும். டிசம்பருக்குள் மாதிரித் தேர்வு மதிப்பெண் எவ்வளவு உயர வேண்டும், உயராவிட்டால் என்ன செய்வது என்பதைத் தாளில் எழுதி வையுங்கள். மாற்று வழியும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும். பி.எஸ்சி. நர்சிங், பி.ஃபார்ம் படிப்புகளுக்குத் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண் போதும். கால்நடை மருத்துவத்திலும் மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான். சித்த மருத்துவத்துக்கு நீட் வேண்டும். ஆனால் அதன் கட்-ஆஃப் எம்.பி.பி.எஸ். அளவுக்கு ஏறுவதில்லை.

மாற்று வழியில் போனவர்களுக்குக் கதவு மூடிவிடுவதும் இல்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் பிசியோதெரபி படித்த தென்காசி மாவட்டப் பெண் ஒருவர், தன் மகளோடு சேர்ந்து படித்து 2025 நீட்டில் தகுதி பெற்றார். 49 வயதில், மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில், விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியில் அவருக்கு இடம் கிடைத்தது.

வருடத்தின் நடுவில் தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், பிள்ளை அறையை விட்டு வெளியே வராமல் இருந்தால் அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள். தமிழக அரசின் 104 எண்ணிலும், டெலி-மானஸ் 14416இலும் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. பெற்றோரும் அழைக்கலாம்.

கோச்சிங் சென்டருக்கு அட்வான்ஸ் கட்டும் முன், இந்த வாரம் செய்ய மூன்று வேலைகள்: விடைத்தாள் பிரதியை இறக்கித் தவறுகளை எண்ணுவது, தன் பிரிவின் கடைசி ரேங்கைத் தேடிக் குறிப்பது, ஆவடி தாலுகா அலுவலகத்தில் எந்தச் சான்றிதழ் பாக்கி என்று விசாரிப்பது.