தம்பியின் மௌத்தும் நம் மனக்கணக்கும்



ரப்பர்த் தோட்டத்தருகே கடை வைத்திருந்தான் நம் தம்பி. தோட்டமக்கள் பட்டணம் போனபின் வியாபாரம் படுத்தது. கடனும் மனநோயும் ஏறின. ஒருநாள் தன்னுயிரைத் தானே போக்கிக்கொண்டான். அவனை அடக்கிவிட்டு வந்து ஈப்போவில் கடை திறந்தோம். கல்லாவில் அமர்ந்தால் ஒரே நினைவு: “கடைசியாகக் கைமாற்றுக் கேட்டு வந்தவனை ஏன் கடிந்தோம்?”

ஒருநாள் சிட்டையைக் கொண்டு ஆண்டுக் கணக்கை முடிப்பாருண்டோ? கடிந்த சொல் நம்முடையது. அதற்குத் தவ்பா செய்வோம். அவன் மரணம் முழுவதையும் நம் பற்றில் எழுதலாகாது.

அவனுக்குத் துஆ கேட்கலாமா? துபைல் இப்னு அம்ரு (ரலி) அவர்களுடன் ஹிஜ்ரத் செய்த ஒருவர், நோய் தாளாமல் தம் கையாலேயே மாண்டார். துபைல் கனவில் அவரை நற்கோலத்தில் கண்டார். கைகள் மட்டும் மூடியிருந்தன. அக்கைகளையும் மன்னிக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் இறைஞ்சியதாக ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. செயல் பெரும்பாவமே, துஆவின் வாசல் அடைபடவில்லை.

முன்பு தற்கொலை முயற்சி நம் நாட்டில் தண்டனைக்குரியது. ஆகவே குடும்பங்கள் மறைத்தன. 2023-இல் அந்த 309-ஆம் பிரிவு நீக்கப்பட்டது. இனி முகம் வாடிய தம்பிமாரிடம், “சாகத் தோன்றுகிறதா?” என்று நேராகவே கேட்போம். கேட்பதால் அவ்வெண்ணம் விளையாது என்பர் மருத்துவர். கேட்டபின் தனியே விடாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வோம். மாண்டவனுக்குத் துஆவும் ஸதகாவும் செய்வோம்.

வஸ்ஸலாம்.