விண்ணிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியுமா?

"மொட்டை மாடியில் நின்று கையசைத்தால் கூகுள் எர்த்தில் தெரியுமா?" திரையில் பூமி உருண்டையைச் சுழற்றித் தன் வீட்டுக் கூரையைக் கண்டுபிடித்த கையோடு பலரும் கேட்கும் கேள்வி இது. தெரியாது. அந்தப் படம் சில மாதங்களுக்கு முன்போ, சில ஆண்டுகளுக்கு முன்போ எடுத்ததாக இருக்கும். பக்கத்துத் தெருவின் படம் வேறொரு நாளுடையதாகக்கூட இருக்கலாம். மேகமில்லாத நாள்களில் எடுத்த படங்களைத் தேர்ந்தெடுத்து ஒட்டுப்போட்டுத்தான் அந்த உருண்டையை உருவாக்குகிறார்கள். உலகம் முழுவதும் ஒரே சமயத்தில் பகலாக இருப்பதும், எங்குமே மழை பெய்யாததும் அதனால்தான்.

நேரலையாகக் காட்ட முடியாததற்குக் காரணம் இயற்பியல். தரையை நுணுக்கமாகப் படமெடுக்கும் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் 500 முதல் 800 கி.மீ. உயரத்தில், நொடிக்கு 7 கி.மீ.க்கும் அதிகமான வேகத்தில் ஓடிக்கொண்டே இருப்பவை. ஓர் ஊரின் தலைக்கு மேல் அவற்றால் நிற்க முடியாது. ஒரே இடத்துக்கு மேல் நிற்பதுபோல் இருக்கும் இன்சாட் போன்ற வானிலைச் செயற்கைக்கோள்களோ ஏறத்தாழ 36,000 கி.மீ. தொலைவில் இருக்கின்றன. அங்கிருந்து பார்த்தால் புயலின் கண் தெரியும், வீடு தெரியாது.

கூகுள் எர்த்தில் படம் எடுத்த தேதியைப் பார்க்க வழி உண்டு. பழைய படங்களைப் பார்க்கும் வசதியும் உண்டு. ஓர் ஏரி எப்படிச் சுருங்கியது, எந்த ஆண்டில் அதற்குள் வீடுகள் முளைத்தன என்பதை நாமே பார்த்துவிடலாம். என்னைக் கேட்டால், அந்த மென்பொருளின் மிகப் பயனுள்ள பகுதி இதுதான். ஏரியில் இந்த வாரம் தண்ணீர் இருக்கிறதா என்று அறிய விரும்புவோர் ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்களைப் பார்க்க வேண்டும். சுமார் 5 நாள்களுக்கு ஒருமுறை வரும், இலவசம். ஆனால் ஒரு பிக்சல் தரையில் 10 மீட்டர் என்பதால் ஏரி தெரியும், கலிங்கு தெரியாது.

வண்டி நம்பர் பிளேட்டையே விண்ணிலிருந்து படித்துவிடுவார்கள் என்று சொல்வதுண்டு. 2014இல் ஏவப்பட்ட வேர்ல்டுவியூ-3 எடுக்கும் படத்தில் ஒரு பிக்சல் 31 செ.மீ. 2019இல் சென்ற இஸ்ரோவின் கார்ட்டோசாட்-3க்கு 25 செ.மீ. அந்த அளவில் கார், கார் என்று தெரியும். மனிதர் ஒரு சில புள்ளிகள்தான். சில நகரங்களில் அதைவிடத் தெளிவாக இருக்கிறதே என்றால், அவை பெரும்பாலும் விமானத்திலிருந்து எடுத்த படங்கள்.

எல்லாவற்றையும்விட ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை, உருண்டையில் காண்பதெல்லாம் ஏதோ ஒரு கேமரா நேரில் பார்த்தது என்பது. 2012 நவம்பரில், சிட்னிப் பல்கலைக்கழகத்தின் மரியா சீட்டனும் குழுவினரும் சதர்ன் சர்வேயர் என்ற ஆய்வுக் கப்பலில் பவளக் கடலில் பயணித்தார்கள். ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கலிடோனியாவுக்கும் நடுவே சாண்டி தீவு என்ற நீண்ட கருந்திட்டைக் கூகுள் எர்த் காட்டியது. மாலுமிகளின் கடல் வரைபடமோ அதே இடத்தில் ஆழ்கடல் என்றது. இரண்டில் எது சரி என்று பார்க்கக் கப்பலை அங்கேயே செலுத்தினார்கள். தீவு இல்லை. கப்பலுக்கு அடியில் 1,300 மீட்டருக்கும் அதிகமான ஆழம்.

இல்லாத தீவு உருண்டைக்குள் எப்படி வந்தது? 1876இல் வெலாசிட்டி என்ற திமிங்கில வேட்டைக் கப்பல் அங்கே நிலம் இருப்பதாகச் சொன்னது. அது பிரிட்டிஷ் கடற்படை வரைபடத்தில் ஏறியது. பிரெஞ்சு வரைபடங்கள் 1970களிலேயே அதை நீக்கிவிட்டன. ஆனால் பழைய காகித வரைபடங்களைக் கணினிக்கு மாற்றித் தொகுத்த உலகக் கடற்கரைத் தரவில் அது தங்கிவிட்டது. அங்கிருந்து ஆய்வாளர்களின் கணினிகளுக்கும் நம் திரைக்கும் வந்தது. செயற்கைக்கோள் எதுவும் பொய் சொல்லவில்லை. நூறாண்டுக்கு முந்தைய கைத்தவறு ஒன்று புதிய படத்தின் மேல் வந்து அமர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

கடலடி முழுக்க இப்படித்தான் கவனமாகப் பார்க்க வேண்டிய பகுதி. 2009இல் கூகுள் எர்த்தில் கடலடி சேர்க்கப்பட்டபோது, கேனரி தீவுகளுக்கு அருகே தெருக்கள்போல நேர்கோடுகள் தெரிந்தன. மூழ்கிய அட்லாண்டிஸ் நகரம் கிடைத்துவிட்டதாகப் பேச்சு பரவியது. அவை எதிரொலிக் கருவியால் ஆழம் அளந்தபடி கப்பல்கள் போன தடங்கள். கப்பல் போன கோட்டில் அளவு துல்லியம். இரு கோடுகளுக்கு இடையில் கணிப்பு. உலகக் கடலடியில் ஏறத்தாழ கால்பங்குதான் இப்படி நேரடியாக அளக்கப்பட்டிருக்கிறது. மற்ற இடங்களில் கடல் மட்டத்தின் மிகச் சிறிய ஏற்ற இறக்கங்களைச் செயற்கைக்கோள் அளக்கிறது. கடலடி மலையின் ஈர்ப்பு தண்ணீரைத் தன்பால் இழுப்பதால் மேற்பரப்பு சற்றே புடைத்திருக்கும். அதைக் கொண்டு அடியில் இருப்பதைக் கணிக்கிறார்கள். அபாரமான உத்தி இது. ஆனால் புகைப்படம் அல்ல.

நமக்கு நெருக்கமான ஒன்றும் உண்டு. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள மணல்திட்டு வரிசையின் படத்தைக் காட்டி, 17 லட்சம் ஆண்டுக்கு முன் மனிதர் கட்டிய பாலம் என்று நாசாவே கண்டுபிடித்துவிட்டதாக 2002இல் செய்தி பரவியது. இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நாசா அப்படிச் சொல்லவில்லை. சுற்றுப்பாதையிலிருந்து எடுத்த படத்தைக் கொண்டு திட்டுகளின் தோற்றத்தையோ வயதையோ நேரடியாக அறிய முடியாது என்றுதான் விளக்கம் தந்தது. ராமர் பாலம் என்று வணங்குவோரின் பக்தி வேறு விஷயம். அதற்கு நாசாவின் முத்திரை தேவையில்லை. வயது வேண்டுமென்றால் அங்கேயே துளையிட்டு மணலையும் பவளத்தையும் எடுத்து ஆய்வுக்கூடத்தில் காலக்கணிப்பு செய்தாக வேண்டும்.

மங்கலாகத் தெரியும் இடமெல்லாம் அரசு மறைத்த இடமா? சில இடங்கள் உண்மையிலேயே அப்படித்தான். இஸ்ரேலின் துல்லியமான படங்களை அமெரிக்க நிறுவனங்கள் வெளியிடுவதை 1996இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம் ஒன்று கட்டுப்படுத்தியது. 2020இல்தான் அது தளர்ந்தது. பெரும்பாலான மங்கல்களுக்குக் காரணம் சாதாரணமானது: அந்த இடத்துக்குப் பழைய படமோ, துல்லியம் குறைந்த படமோதான் கிடைத்திருக்கிறது.

இனிப் புதிதாகக் காண உலகில் எதுவுமில்லை என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. 2008இல் இத்தாலியரான வின்சென்சோ டி மிக்கேலே, எகிப்தின் தென்பகுதிப் பாலைவனத்தைக் கூகுள் எர்த்தில் பார்த்துக்கொண்டிருந்தபோது, 45 மீட்டர் அகலமுள்ள வட்டக் குழி ஒன்றைக் கண்டார். விண்கல் விழுந்த குழிதான் என்பது, 2010இல் ஆய்வாளர்கள் அங்கே போய் ஆயிரக்கணக்கான இரும்பு விண்கல் துண்டுகளைச் சேகரித்த பிறகு உறுதியானது. இன்று அதன் பெயர் காமில் குழி.

மொசாம்பிக்கின் மாபு மலைக்காடு இன்னொரு சான்று. லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தோடு சேர்ந்து பணியாற்றிய ஜூலியன் பேலிஸ், 2005இல் மலை உச்சிப் பகுதிகளைப் படங்களில் தேடியபோது அடர்ந்த பச்சைத் திட்டு ஒன்றைக் கவனித்தார். 2008இல் பெரிய ஆய்வுக்குழு அங்கே போனது. அறிவியல் அதுவரை பதிவு செய்யாத பட்டாம்பூச்சி, பச்சோந்தி, விரியன் பாம்பு வகைகள் அங்கே கிடைத்தன. செய்திகள் அதைக் கூகுள் கண்டுபிடித்த காடு என்றன. அதையும் திருத்தத்தான் வேண்டும். சுற்றுவட்டார மக்கள் அந்தக் காட்டை முன்பே அறிவார்கள். 1992 வரை நீடித்த உள்நாட்டுப் போரின்போது அதற்குள் புகுந்து அவர்கள் உயிர் தப்பியிருக்கிறார்கள்.