முதல் கப்பல் எது?

கேள்வி: பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிப் போர்க்கப்பல் மாதிரி செய்ய ஆசை. பெட்டிகளில் 1/700, 1/350 என்று அளவு போட்டிருக்கிறார்களே, எதில் தொடங்கலாம்?

பதில்: 1/700-இல் தொடங்குங்கள். ஜப்பானின் 263 மீட்டர் நீளப் போர்க்கப்பலான 'யமாட்டோ' 1/350-இல் 75 சென்டிமீட்டர். 1/700-இல் அதில் பாதிதான். ஜப்பானின் ஷிசுவோகா பகுதித் தயாரிப்பாளர்களான தமியா, ஹசெகாவா, அவோஷிமா, ஃபுஜிமி நால்வரும் 1971-இல் சேர்ந்து தொடங்கிய 'வாட்டர்லைன்' வரிசை இந்த அளவைப் பரப்பியது. நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள அடிப்பகுதி இவற்றில் கிடையாது. மேசையில் வைத்தால் கடலில் மிதப்பதுபோலவே நிற்கும்.

ஆனால் எடுத்தவுடன் யமாட்டோ வேண்டாம். பாகங்கள் குறைவான நாசகாரிக் கப்பல் ஒன்றை வாங்குங்கள். 'ஃபுபுகி' வகைக் கப்பல் ஏறக்குறைய 17 சென்டிமீட்டர்தான்.

பாகங்களை, அவை ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து கையால் முறிக்காதீர்கள். கூரிய வெட்டுக்குறட்டால் நறுக்கி, பிசிறை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். பசை தடவுமுன் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். கப்பலின் தளத்துக்கும் பக்கங்களுக்கும் முதலில் வண்ணம் பூசுங்கள். பீரங்கிகளைப் பொருத்தியபின் தூரிகை உள்ளே நுழையாது. பசையின் ஆவி உடம்புக்கு ஆகாது, சன்னலைத் திறந்து வையுங்கள்.

அவசரப்படாமல் செய்யுங்கள். முதல் கப்பலை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததை வாங்குங்கள்.